பாஸ்க் மக்கள் யார், அவர்கள் மொழி எப்படி எஞ்சியது?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாக முடிந்து கேட்டிருக்கிறார். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்கள் கற்காலத்திலிருந்து கலப்பே இல்லாமல் வருபவர்களா? அவர்கள் மொழி தமிழோடு உறவுடையது என்று பரவும் செய்தி உண்மையா? சுற்றியிருந்த மொழிகள் எல்லாம் லத்தீனில் கரைந்தபோது இது மட்டும் எப்படித் தப்பியது? முதல் கேள்விக்குப் பதில் 'இல்லை'. இரண்டாவதற்கு, இதுவரை யாரும் நிறுவவில்லை. மூன்றாவதுதான் உண்மையில் விரிவான பதில் தேவைப்படும் கேள்வி. நான் வரலாற்று மொழியியல் பயின்றவன். அதனால் மொழி பற்றிச் சொல்வதை உறுதியோடு சொல்கிறேன். மரபணு பற்றிச் சொல்வது வெளிவந்த ஆய்வுகளின் முடிவு மட்டுமே.

முதலில் நிலம். பாஸ்க் மக்கள் தங்கள் நாடாகக் கருதுவது ஏழு பகுதிகள். பிஸ்காயா, கிபுஸ்கோவா, அராபா, நவாரா ஆகிய நான்கும் ஸ்பெயினில். லாபுர்தி, கீழ் நவாரா, சுபெரோவா ஆகிய மூன்றும் பிரான்ஸில். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர், சுமார் முப்பது லட்சம் மக்கள். ஆனால் இந்த ஏழும் ஒரே அரசின் கீழ் இல்லை. ஸ்பெயினுக்குள்ளேயே முதல் மூன்றும் ஒரு தன்னாட்சிப் பகுதி, நவாரா தனியாக இன்னொன்று. இதை மனத்தில் வைக்காமல் படித்தால் பின்னால் வரும் சட்டமும் பள்ளியும் குழப்பும்.

மரபணு விஷயத்துக்கு வருவோம். ஐபீரியத் தீபகற்பத்தின் பழைய எலும்புகளை வைத்து 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, கி.மு. 2500க்கும் 2000க்கும் இடையில் அங்கிருந்தவர்களின் மரபில் ஏறக்குறைய 40 சதவீதம் புதிதாக வந்தவர்களுடையதாக மாறியது என்றும், தந்தைவழி மரபு கிட்டத்தட்ட முழுமையாகவே மாறிவிட்டது என்றும் காட்டியது. இந்த மாற்றம் பாஸ்க் முன்னோருக்கும் நடந்தது. அவர்களைத் தனித்துக் காட்டுவது அதற்குப் பின் நடந்த கதை: உரோமர் காலத்திலும் பிறகு வட ஆப்பிரிக்கத் தொடர்பிலும் மற்ற ஐபீரியர்களுக்கு நேர்ந்த கலப்பு இவர்களிடம் மிகக் குறைவு. அதாவது இன்றைய பாஸ்க் மக்கள் இரும்புக்கால ஐபீரியரைப் பெரிதும் ஒத்தவர்கள். பனியுகக் குகை ஓவியர்களின் நேர் வாரிசுகள் அல்லர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று வந்தவர்கள், இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் பரப்பியவர்களாகக் கருதப்படும், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளி மக்களின் வழியினர். அவர்களின் தந்தைவழி மரபு நிலைத்த இடத்தில், அவர்கள் மொழி நிலைக்கவில்லை. இரத்தத்தை வைத்து மொழியை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மொழியின் பெயர் எவுஸ்கரா. அதன் பழமைக்கு உறுதியான சான்று உரோமர் அக்கித்தானியா என்று அழைத்த தென்மேற்குப் பிரான்ஸில் கிடைத்த லத்தீன் கல்வெட்டுகள். உரோமர் ஆட்சியின் முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் சுமார் 400 ஆட்பெயர்களும் 70 தெய்வப் பெயர்களும் உள்ளன. நெஸ்கட்டோ, கிசொன், செம்பெ, அந்தெரே என்ற பெயர்கள் இன்றைய பாஸ்கில் சிறுமி, ஆண், மகன், சீமாட்டி ஆகியவற்றுக்கான சொற்களோடு அப்படியே பொருந்துகின்றன. இவ்வளவும் உறுதி. அடுத்தது ஐயத்துக்குரியது: நவாராவின் தலைநகர் பாம்ப்லோனா அருகே இருலேகியில் 2021இல் கிடைத்து 2022இல் அறிவிக்கப்பட்ட, கைவடிவ வெண்கலத் தகடு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முதல் சொல், நற்பேற்றைக் குறிக்கும் பாஸ்க் சொல்லை ஒத்திருக்கிறது. மற்ற சொற்களுக்கு ஒருவரும் பொருள் சொல்ல முடியவில்லை. முதல் சொல்லின் ஒப்புமையையே ஏற்காத அறிஞர்களும் உண்டு. மூன்றாவது வகை, தள்ளிவிட வேண்டியது. அராபாவில் உள்ள பழைய உரோம ஊரான இருன்யா-வெலேயாவில் கிடைத்ததாக 2006இல் பரபரப்பாக அறிவிக்கப்பட்ட 'மிகப் பழைய பாஸ்க் எழுத்து' ஓடுகள் போலி என்று 2008இல் நிபுணர் குழு முடிவு செய்தது, 2020இல் நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. இணையத்தில் இன்னும் சிலர் அவற்றைச் சான்றாகக் காட்டுகிறார்கள், நம்ப வேண்டாம்.

கடன்சொற்கள் இன்னொரு நல்ல கடிகாரம். அமைதியைக் குறிக்கும் லத்தீன் 'பாக்கெம்' ஸ்பானியத்தில் ககரத்தை இழந்தது. பாஸ்கில் இன்றும் 'பாக்கே'. லத்தீனில் அந்தக் ககரம் மெலியும் முன்பே, கிறிஸ்து ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே, சொல் உள்ளே வந்துவிட்டது என்று இதனால் தெரிகிறது. உயிர்களுக்கு நடுவே வரும் னகரம் விழும்: மகுடத்துக்கான 'கொரோனா' பாஸ்கில் 'கொரோவா' ஆயிற்று. உயிர்களுக்கு நடுவே வரும் லகரம் ரகரமாகும்: வானத்துக்கான 'கேலும்' 'சேரு' ஆயிற்று. இந்த விதிகள் ஒழுங்காக வேலை செய்வதால்தான் எது கடன், எது சொந்தம் என்று பிரிக்க முடிகிறது.

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டே தமிழ் உறவைப் பார்க்கலாம். அடிக்கடி காட்டப்படும் இணை, நகரத்துக்கான பாஸ்க் சொல் 'இரி', தமிழ் 'ஊர்'. மேலோட்டமாகக் கவர்ச்சியானதுதான். ஆனால் பழைய ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல் 'இலி' என்று லகரத்தோடு வருகிறது. மேலே சொன்ன விதிப்படி லகரமே ரகரமாயிற்று. பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்களும் நெருங்க வேண்டும், இங்கே விலகுகின்றன. 'நி' என்றால் பாஸ்கில் நான். அதைத் தமிழ் 'நீ'யோடு சேர்த்துவைப்பவர்கள் பொருள் மாறியதைப் பற்றிப் பேசுவதில்லை. எண்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பத், பி, இரு, லாவ், போஸ்த். 'இரு' என்றால் மூன்று. அடிப்படைச் சொற்களில் ஒழுங்கான ஒலி இணைப்பு ஒன்றுகூடத் தேறவில்லை.

அமைப்பில் ஒற்றுமை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. இரண்டும் சொல்லோடு உருபுகளை வரிசையாக ஒட்டிப் பொருள் காட்டும் ஒட்டுநிலை மொழிகள், இரண்டிலும் வினை பெரும்பாலும் கடைசியில் வரும். ரகரத்தைச் சொல்லின் முதலில் இரண்டுமே ஏற்காது: நாம் 'இராமன்' என்று உயிரைச் சேர்ப்பதுபோல அவர்கள் அரசனுக்கான லத்தீன் 'ரெகெ'யை 'எர்ரெகெ' ஆக்கினார்கள். ஆனால் ஒட்டுநிலை துருக்கியிலும் ஜப்பானியத்திலும் உண்டு. அதனால் எல்லோரும் உறவினர் ஆகிவிட மாட்டார்கள். வேறுபாடுகளோ ஆழமானவை. பாஸ்கில் பெயரடை பெயருக்குப் பின்னால் வரும். 'மனிதன் வந்தான்' என்பதில் மனிதனுக்கு உருபு இல்லை. 'மனிதன் ரொட்டி தின்றான்' என்றால் செய்பவனுக்குத்தான் ககர உருபு ஏறும், ரொட்டிக்கு ஒன்றும் ஏறாது. நம் இரண்டாம் வேற்றுமைக்கு நேர் எதிரான கணக்கு இது. வினைச்சொல்லும் எழுவாய், செயப்படுபொருள், பெறுபவர் மூவரையும் தன்னுள் காட்டும்: 'தகார்கிசுத்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு 'நான் அதை உங்களுக்குக் கொண்டுவருகிறேன்' என்று பொருள். காக்கேசிய மொழிகள், ஸ்பெயினின் கிழக்குக் கரையில் வழங்கி மறைந்த பண்டைய ஐபீரியம் ஆகியவற்றோடு உறவு தேடிய முயற்சிகளும் இதே இடத்தில்தான் நிற்கின்றன. ஐபீரியத்தின் எண்கள் மட்டும் பாஸ்க் எண்களை ஒத்திருக்கின்றன என்ற வாதம் தொடர்ந்து பேசப்படுகிறது. அது உறவா, கடனா என்பது தீரவில்லை.

மெய்யான தமிழ்த் தொடர்பு ஒன்று வேண்டுமானால் இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் நவாராவில் பிறந்த பாஸ்க்காரர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இவர்கள் தாய்மொழி மலபார், என்னுடையது பிஸ்காயன், அதனால் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை என்கிறார். அன்றைய வழக்கில் தமிழையும் பாஸ்கையும்தான் அப்படிச் சொன்னார்கள். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். அவர் பெயரும் அவர் பிறந்த கோட்டையின் பெயர்தான்: 'எச்செபெரி', அதாவது புதுவீடு, லத்தீனிலிருந்து பிறந்த ரோமான்ஸ் மொழி பேசியவர்கள் நாவில் சவியெர் ஆயிற்று. தமிழ்நாட்டில் எத்தனையோ சேவியர்களும் சவேரிகளும் ஒரு பாஸ்க் வீட்டுப் பெயரைச் சுமக்கிறார்கள். அவர் குடும்பம் அரசியலில் நொறுங்கிய கதையும் பாஸ்க் வரலாற்றின் ஒரு துண்டு. 1512இல் ஸ்பெயினின் நடுப்பகுதி அரசான காஸ்தீல் நவாராவைப் பிடித்தது. 1516இல் அவர்கள் கோட்டையின் கோபுரங்கள் இடிக்கப்பட்டன. 1521இல் பாம்ப்லோனாவில் சவேரியாரின் அண்ணன்மார் நவாரா மன்னர் பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கம் காஸ்தீலுக்காகப் போரிட்டுக் காலில் குண்டுபட்டவர் இன்னொரு பாஸ்க்காரர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார்.

இனி எப்படித் தப்பியது என்ற கேள்வி. அரசர்கள் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. 824 வாக்கில் பாம்ப்லோனாவில் எழுந்த அரசு, பின்னர் நவாரா ஆனது, பெரும்பான்மைக் குடிகள் பாஸ்க் பேசியும் ஆவணங்களை லத்தீனிலும் ரோமான்ஸிலுமே எழுதியது. முதல் அச்சு நூல் 1545இல்தான் வந்தது; பெர்னார்த் எச்செபாரே என்ற பாதிரியாரின் கவிதைத் தொகுப்பு. மலைகள் காத்தன என்பதும் அரை உண்மை. பிரனீஸின் உயர்ந்த பகுதியில் பல பள்ளத்தாக்குகள் மொழியை இழந்துவிட்டன. கடற்கரையை ஒட்டிய தாழ்வான குன்றுகளில்தான் அது செழித்தது. உரோமர் இருந்தார்கள், பாம்ப்லோனாவே உரோமத் தளபதி பொம்பேயு பெயரால் வந்தது. ஆனால் அவர்கள் பெரிய நகரங்களும் தோட்டங்களும் அமைத்தது பெரும்பாலும் தெற்குச் சமவெளியில். வடக்கின் ஈரக் குன்றுகளில் அவர்களின் பிடி மெலிந்தே இருந்தது. உரோமர் காலத்தில் இன்றைய பிஸ்காயாவிலும் கிபுஸ்கோவாவிலும் பாஸ்க் பேசப்பட்டதா, பின்னர் கிழக்கிலிருந்து பரவியதா என்பதும் முடிவாகாத வழக்கு. அங்கிருந்த பழங்குடிகளின் பெயர்களில் இந்தோ-ஐரோப்பியச் சாயல் உண்டு.

என் கணிப்பில் முதல் காரணம் வீடு. பாஸ்க் பண்ணைவீட்டை பசெரி என்பார்கள். கீழே மாடும் அடுப்படியும், மேலே வைக்கோலும் தானியமும். 16ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய வீடுகள் சில, ஆப்பிள் சாறு பிழியும் பொறியைச் சுற்றியே எழுப்பப்பட்டவை. கிபுஸ்கோவாவில் எஸ்கியோவில் உள்ள இகார்த்துபெய்தியில் சுமார் பத்து மீட்டர் நீளமுள்ள ஓக் உத்திரம் வீட்டின் உடலுக்குள் ஊடாடுகிறது; வீட்டின் சட்டமே பிழிபொறியின் சட்டம். இந்த வீடு துண்டாடப்படக் கூடாது என்பதே பழைய வழக்குச் சட்டத்தின் மையம். பிஸ்காயாவின் சட்டப்படி பெற்றோர் பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்து வீடும் நிலமும் முழுக்கக் கொடுக்கலாம், மற்றவர்களைப் பெயரளவுக்குச் சிறிது நிலம் கொடுத்து ஒதுக்கலாம். வாரிசு மூத்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. பல பள்ளத்தாக்குகளில் ஆணாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மகள் வீட்டை எடுத்தால் மருமகன் வந்து சேர்வார். ஆள் வீட்டுப் பெயரால் அறியப்பட்டார். தேவாலயத் தரையில் வீட்டுக்கு ஓர் இடம் உண்டு. வீட்டுத் தலைவி அங்கே செதுக்கிய மரப்பலகையில் சுற்றிய மெழுகுத்திரியை இறந்தோருக்காக ஏற்றுவாள். சாவு விழுந்தால் முதலில் சொல்ல வேண்டியது குறிப்பிட்ட 'முதல் அண்டைவீட்டாருக்கு'. வீட்டுத் தேனீக்களுக்கும் போய்ச் சொல்லுவார்கள். பகுதிக்குள்ளேயே திரும்பத் திரும்ப உறவாடும் இப்படிப்பட்ட வீடுகளின் வலைப்பின்னலில் மொழியை மாற்றிக்கொள்ள எவருக்கும் காரணம் எழவில்லை.

பங்கு கிடைக்காத பிள்ளைகள் கடலுக்கும் திருச்சபைப் பணிக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். பாஸ்க் கடலோடி மரபு இத்தனை பெரிதானதற்கு இதுவும் ஒரு காரணம். இடைக்காலத்திலேயே பிஸ்கே விரிகுடாவில் திமிங்கிலம் பிடித்தவர்கள் 16ஆம் நூற்றாண்டில் கனடாவின் லாப்ரதோர் கரைவரை போய், கரையில் அடுப்பு கட்டி, கொழுப்பை உருக்கி, எண்ணெயைப் பீப்பாய்களில் ஏற்றி வந்தார்கள். ரெட் பேயில் 1565இல் மூழ்கிய கப்பல் ஒன்று 1978இல் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் உலகச் சுற்றை 1522இல் முடித்து வந்த கப்பலின் தலைவர் எல்கானோவும் கெதாரியாவைச் சேர்ந்த பாஸ்க்காரர். 1615இல் ஐஸ்லாந்தில் கரையொதுங்கிய பாஸ்க் திமிங்கில வேட்டைக்காரர்கள் 32 பேர் கொல்லப்பட்டார்கள்; அதற்கு வழிவிட்ட ஆணையை 2015இல்தான் அடையாளபூர்வமாக நீக்கினார்கள்.

இரண்டாவது காரணம் ஃபுவேரோ எனப்படும் வட்டாரச் சட்டங்கள். பிஸ்காயாவை ஆள்பவர் அங்குள்ள கெர்னிகா ஊரின் ஓக் மரத்தடியில் அவற்றைக் காப்பதாகச் சத்தியம் செய்தாக வேண்டும். காஸ்தீல் மன்னர் ஃபெர்தினாந்தே 1476இல் செய்தார். மன்னர் ஆணை இந்தச் சட்டத்துக்கு முரணானால் 'பணிகிறோம், நிறைவேற்றவில்லை' என்று திருப்பி அனுப்பலாம். சுங்க எல்லை கடற்கரையில் இல்லை, உள்நாட்டில் எப்ரோ ஆற்றை ஒட்டி இருந்தது. கடல்வழி வந்த சரக்கு இங்கே வரியின்றி இறங்கியது. பிரான்ஸ் பக்கம் புரட்சி இதையெல்லாம் ஒரே வீச்சில் துடைத்து, 1790இல் மூன்று பகுதிகளையும் பக்கத்துப் பெயார்ன் பகுதியோடு சேர்த்து ஒரே மாவட்டமாக்கியது. ஸ்பெயினில், அரியணை உரிமையை ஒட்டி எழுந்த இரு கார்லிஸ்ட் உள்நாட்டுப் போர்கள் தேவைப்பட்டன: 1841இல் சுங்கம் கரைக்குப் போனது, 1876இல் பிஸ்காயா, கிபுஸ்கோவா, அராபா ஆகியவற்றின் ஃபுவேரோக்கள் நீக்கப்பட்டன. எஞ்சியது 1878இன் பொருளாதார ஒப்பந்தம். மாகாணமே வரி வசூலித்து, மத்திய அரசுக்கு ஒரு பங்கைச் செலுத்தும் முறை. இன்றும் நடக்கிறது: தன்னாட்சிப் பகுதி, தன் கையில் இல்லாத பாதுகாப்பு, வெளியுறவு போன்ற செலவுகளில் 6.24 சதவீதத்தைத் தருகிறது.

பிஸ்காயாவின் பில்பாவோ நகருக்கு அருகே கந்தகமும் பாஸ்பரசும் குறைந்த இரும்புத் தாது இருந்தது. எஃகு உருவாக்கும் பெஸ்ஸெமர் முறைக்கு அதுதான் வேண்டும். 1876க்குப் பிறகு சுரங்கமும் உலையும் பெருகி, மற்ற மாகாணங்களிலிருந்து தொழிலாளர் திரண்டார்கள். அந்த நெருக்கடியில்தான் சபினோ அரானா 1895இல் பாஸ்க் தேசியக் கட்சியைத் தொடங்கினார். அவர் பாஸ்க்காரரை இரத்தத்தாலும் குடும்பப்பெயராலும் வரையறுத்தார். அந்த வரையறை தவறானது, வந்தேறிய தொழிலாளர்களை இழிவுபடுத்தியது. அதை மழுப்பத் தேவையில்லை. 1937 ஏப்ரல் 26, சந்தை நாளான திங்கட்கிழமை, ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்துப் போரிட்டுப் பின்னர் சர்வாதிகாரியான பிராங்கோவுக்காகக் கெர்னிகாவை எரித்தன. இறந்தோர் 1,654 என்றது அன்றைய பாஸ்க் அரசு. பிந்தைய ஆய்வாளர் பலர் 150 முதல் 300 வரை மதிப்பிடுகிறார்கள். ஓக் மரம் தப்பியது. பிஸ்காயாவும் கிபுஸ்கோவாவும் துரோக மாகாணங்கள் என்று பொருளாதார ஒப்பந்தத்தை இழந்தன; பிராங்கோவுக்குத் துணைநின்ற அராபாவும் நவாராவும் தக்கவைத்தன. பிள்ளைகளுக்குப் பாஸ்க் பெயர் பதியத் தடை, பள்ளியிலும் பொது இடத்திலும் மொழிக்குத் தடை.

மூன்றாவது காரணம் இந்தத் தடைக்குள்ளேயே முளைத்தது. எல்பிரா சிபித்ரியா என்ற ஆசிரியை 1940களில் தொனோஸ்தியாவில் (சான் செபாஸ்தியன்) தம் வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குப் பாஸ்கில் பாடம் சொல்லத் தொடங்கினார். 1960களில் பெற்றோர் பணம் போட்டு நடத்திய இகாஸ்தோலா பள்ளிகள் பரவின. பள்ளி வந்தால் பாடநூல் வேண்டும், பாடநூலுக்குப் பொதுமொழி வேண்டும். 'என்னிடம் உண்டு' என்பது ஓரிடத்தில் 'துத்', பிஸ்காயாவில் 'தொத்'. சுபெரோவாக்காரருக்கும் பிஸ்காயாக்காரருக்கும் பேச்சு எளிதில் புரியாது. 1968இல் அராந்த்சாசுவில் கூடிய பாஸ்க் மொழிக் கழகம், மொழியியலாளர் கொல்தோ மிச்செலேனாவின் அறிக்கையை ஒட்டி, நடுப்பகுதி வழக்குகளை அடிப்படையாக வைத்துப் பொதுவழக்கை அமைத்தது. பெரும் சண்டை ஹகர எழுத்துக்காக நடந்தது: வடக்கே ஒலிக்கும், தெற்கே ஒலிக்காது. வடக்கைச் சேர்த்துக்கொள்வதற்காக எழுத்தில் வைத்தார்கள். எழுத்துக்கும் பள்ளிக்கும் பொதுவழக்கு, வீட்டில் வட்டார வழக்கு என்று பிரித்தது புத்திசாலித்தனமான முடிவு. ஆனாலும் பிஸ்காயாவின் முதியவர்கள் பேரப்பிள்ளைகளின் பேச்சைப் புத்தக மொழி என்பது இன்றும் நிற்கவில்லை.

பண்பாட்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்ல அனுமதித்தால், பெர்ட்சோ என்ற ஆசுகவிக் கலையைச் சொல்வேன். மேடையில் பாடகருக்குத் தலைப்பும் யாப்பும் அங்கேயே தரப்படும். சில நொடிகளில் மெட்டோடு பாட வேண்டும், இசைக்கருவி கிடையாது. சிறிய எண்ணடியில் ஏழும் ஆறுமாக அசைகள் மாறி மாறி வரும், பெரிய எண்ணடியில் பத்தும் எட்டும். எட்டு அடியில் நான்கு இயைபுகள், இயைபுச் சொல் திரும்ப வந்தால் குற்றம். தேர்ந்தவர்கள் கடைசி அடியை முதலில் முடிவு செய்துகொண்டு அதை நோக்கிப் பாடுகிறார்கள். தொடக்கத்தில் நல்ல வரியைச் செலவழித்தவர் முடிவில் சரிந்துவிடுவார். நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரும்போட்டியின் இறுதிச் சுற்றுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். 2009இல் மையாலென் லுஹான்பியோ வென்ற முதல் பெண். 2017இலும் 2022இலும் மீண்டும் அவரே. பரிசு ஒரு பெரே தொப்பி.

ஆயுதப் போராட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. பாஸ்க் தனிநாடு கோரி 1959இல் தோன்றிய எத்தா இயக்கம் 800க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பெரும்பகுதி பிராங்கோ இறந்த பிறகே. 1980களில் அரசு ஆதரவுடன் இயங்கிய இரகசிய ஆயுதக் குழுவும் கொலைகள் செய்தது. எத்தா 2011இல் ஆயுதத்தை நிறுத்தி 2018இல் கலைந்தது. மொழியை அது காத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை; மொழியைக் காத்த பள்ளிகளும் நாளிதழும் அதன் நிழலில் சந்தேகத்துக்கு ஆளாகி அல்லற்பட்டன.

இன்றைய நிலை இடத்துக்கு இடம் வேறு. தன்னாட்சிப் பகுதியில் 1979 முதல் பாஸ்க் ஆட்சிமொழி. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் 'டி' வகைப் பள்ளியில் எல்லாப் பாடமும் பாஸ்கில், ஸ்பானியம் ஒரு பாடம் மட்டுமே. நவாராவை 1986 சட்டம் மூன்று மண்டலமாகப் பிரித்தது. வடக்கு மண்டலத்தில் மட்டுமே முழு உரிமை. பிரான்ஸில் ஆட்சிமொழித் தகுதியே இல்லை. 16 வயதுக்கு மேற்பட்டோரில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் 1991இல் 22 சதவீதம், 2016இல் 28.4 சதவீதம், அதாவது சுமார் 7.5 லட்சம் பேர். தெருவில் காதால் கேட்டு எடுக்கும் கணக்கில் பயன்பாடு 12, 13 சதவீதத்திலேயே நிற்கிறது. கற்றவர்களில் பலர் வகுப்பறையில்தான் கற்றார்கள். நண்பர் கூட்டத்தில் ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் அனைவரும் ஸ்பானியத்துக்கு மாறிவிடுகிறார்கள். இப்போது பல ஊர்களில் முயற்சி இந்த இடத்தில்தான்: பேசத் தெரிந்தவர் ஓர் அடையாள வில்லையும், பேசாவிட்டாலும் புரிந்துகொள்பவர் வேறொரு வில்லையும் அணிந்து, குறிப்பிட்ட சில நாள்கள் ஒருவர் பாஸ்கில் பேச, மற்றவர் தமக்கு வருகிற மொழியில் பதில் சொல்லிப் பழகுகிறார்கள்.